வியாழக்கிழமைக் குழம்பு

புக்கிட் ரம்பாய்
3 மார்ச் 2025

அன்புள்ள ஷாமினிக்கு,

நான் நலம். நேற்று நான் வராமல் இருந்திருந்தால் நீயும் நலமாக இருந்திருப்பாய்.

வாட்ஸாப்பில் எழுதினால் உன் அக்கா ஜெயாவும் சேர்ந்து படிக்கிறார், அதனால் தபால். நம் வீட்டில் இருந்தவரை உனக்கு அரிப்பு, தடிப்பு, தலைவலி. அக்கா வீட்டுக்குப் போனதும் எல்லாம் அடங்கிவிட்டது. ஞாயிறுதோறும் நான் அம்மாவின் மீன் குழம்போடு வருகிறேன். சாப்பிட்டு எழுந்ததும் உன் கழுத்து சிவக்கிறது. நேற்று அக்கா சமையலறையில் சொன்னது கேட்டது: "உனக்கு ஒத்துக்காதது மாப்பிள்ளைதான்டி. அவரு வர்றாரு, நீ சொறியறே. டாக்டர் எதுக்கு லா?"

அப்படியானால் இனி நான் வரவில்லை. குழம்பை மட்டும் ஆள் மூலம் அனுப்புகிறேன்.

உன்
கோகுலராஜ்

செர்காம்
10 மார்ச்

அன்புள்ள கோகுலுக்கு,

நீங்கள் வரவில்லை, குழம்பு வந்தது. சாப்பிட்டேன், தடித்தது. உங்கள் மேல் அக்கா போட்டிருந்த வழக்கு தள்ளுபடி.

இன்று உணவு ஆலோசகரைப் பார்த்தேன். குழம்பு என்றைக்கு வைத்தது என்று கேட்டார். வியாழன் அத்தை வைப்பார், வெள்ளி சைவம், சனி ஊறும், ஞாயிறு எனக்கு வரும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கெம்போங், அதாவது கானாங்கெளுத்தி மீன், இருக்க இருக்க அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடுமாம். எத்தனை முறை சுடவைத்தாலும் போகாதாம். மற்றவர்கள் உடம்பு அதைச் சமாளித்துவிடும், என் உடம்பு திணறுகிறது போல. நிச்சயமாகச் சொல்லும் பரிசோதனை இல்லையாம். சில வாரம் பெலாச்சான் இறால் விழுது, கருவாடு, பழைய மீன் எல்லாம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பிடித்த மீனை அன்றைக்கே சமைத்தால் சாப்பிடலாம்.

இதை அத்தையிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வீட்டுக்கு நான் எப்படித் திரும்பி வருவது?

ஷாமினி

புக்கிட் ரம்பாய்
17 மார்ச்

அன்புள்ள ஷாமினிக்கு,

சொல்லிவிட்டேன்.

"முப்பது வருஷமா நீயுந்தான் சாப்பிட்டே, செத்தா போயிட்டே? என் குழம்பு பாய்சனா லா?"

"குழம்பு நல்ல குழம்புதாம்மா. நாள்தான் ஜாஸ்தி."

இரண்டு நாள் எனக்குச் சோறும் ரசமும்தான். மூன்றாம் நாள், "ஊறாத குழம்புல என்னடா ருசி இருக்கும்? நானே வந்து வச்சுப் பாக்குறேன்" என்றார். ஞாயிறு இருவரும் வருகிறோம், வெறுங்கையோடு. நம் குடும்ப வரலாற்றில் இது முதல் முறை.

உன்
கோகுல்

செர்காம்
24 மார்ச்

அன்புள்ள கோகுலுக்கு,

ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஒரு தடிப்பும் இல்லை.

படகிலிருந்து இறங்கிய மீனை அத்தை பேரம் பேசாமல் வாங்கியதை ஜெயா அக்கா இன்னும் நம்பவில்லை. நான் இரண்டாம் முறை சோறு வாங்கியபோது அத்தை அடுப்புப் பாலைப் பார்ப்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒண்ணும் காணோமே" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

சனிக்கிழமை அழைத்துப்போக வாருங்கள். மீனை வாங்கிய அன்றே உறையவைக்க ஃபிரீசரில் ஒரு தட்டு காலியாக வேண்டும். அத்தையிடம் சொல்லிவையுங்கள்.

வேண்டாம். நானே வந்து சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள்
ஷாமினி