இன்பராஜைப் பற்றி விசாரிக்க வந்தவர்

அன்பு மகள் சோபனாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் கம்மி. பம்பாய்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா, ராத்திரியில் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படிக்காதே. நீ இன்ன படிப்பு படிக்கிறாய் என்று ஆம்பூரில் கேட்கிறவர்களிடம், தப்பு செய்த பிள்ளைகளை மறுபடி ஆளாக்குகிற படிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன முறை வந்தபோது, சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் இருந்துவிட்டு வந்த பிள்ளையின் வழக்குக் காகிதத்தையே அழித்துவிட வேண்டும், அதுதான் சட்டம் என்றாய். காகிதத்தை அழிக்கலாம், தெருவின் வாயை யார் அடைப்பது என்று நான் சிரித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அது என் வாய்க்கே வந்துவிட்டது.

ஆலங்காயத்திலிருந்து பெருமாள் என்று ஒருவர் வந்தார், எதிர்வீட்டு இன்பராஜுக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க. எனக்கு ஞாபகம் ஜாஸ்தி என்று டீக்கடையில் அனுப்பியிருக்கிறார்கள். பையன் எப்படி என்றதும் எல்லாம் கண்முன் வந்தது, பதினாறு வயதில் அவன் தோல் மண்டிப் பூட்டை உடைத்ததும், வாட்ச்மேன் கை முறிந்ததும், போலீஸ் ஜீப்பில் ஏறும்போது அவனுக்கு ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்ததும். சொல்லவில்லை. ஷூ கம்பெனியில் ஒழுங்காக வேலை செய்கிறான், படுத்த படுக்கையான அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியவன், தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுகிறோம் என்றேன். வேற ஒண்ணும் இல்லையா என்று மறுபடி கேட்டார். உள்ளே அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையாயிற்றே, முழுப் பொய்யும் சொல்ல முடியாது. பழைய கதை எதுனா கேக்கணும்னா அவனையே கேளுங்க, மறைக்க மாட்டான், அத நான் சொல்றது சரியில்ல என்றேன்.

அவர் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். அவனே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான்ங்க, எம் பொண்ணும் சரின்னுட்டா, ஆனா அவ குடியிருக்கப் போறது இந்தத் தெருவாச்சே, யாரு யாரு அத இன்னும் வாயில வச்சினு இருக்காங்கன்னு பாக்கத்தான் வந்தேன் என்றார். டீக்கடையில் அவர் கேட்கும் முன்பே நாலு பேர் அந்தப் பழைய கதையைச் சொன்னார்களாம். கொடுப்பதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, எழுந்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்து, எம் பொண்ணு கூச்ச சுபாவம்மா, தண்ணி புடிக்க வந்தா நீங்களா ரெண்டு வார்த்தை பேசுங்க என்றார்.

தை மாதம் இன்பராஜுக்குக் கல்யாணம், இப்போதே லீவு சொல்லி வை. நீ எடுத்த காரியம் நல்லபடி நடக்கட்டும், உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா
கோவிந்தசாமியின் கைநாட்டு