இலிங்காவுக்குச் சுரங்கப் படிப்பு வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டு வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நம் பக்கத்து வீட்டு வசீலே மாமா வேலை தேடி இந்த ஜெர்மன் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். நம் கதவில் நீங்கள் மாட்டிய "இன்ஜினியர் துதோர்" பித்தளைப் பலகையை நம்பி, காவலாளியிடம் இன்ஜினியரைக் கேட்டிருக்கிறார். "கோழி வெட்டுற துதோரா?" என்றானாம் அவன். ரப்பர் அங்கியோடு போய் நின்றேன். இருவரும் சிரித்தோம்.

பிறகு மாமா சொன்னார்: "உன் தங்கச்சியும் சுரங்க இன்ஜினியரிங்தானாமே. உங்கம்மா மாடி மாடியா ஏறிச் சொல்றாங்கடா."

அம்மா, நம் ஜியு பள்ளத்தாக்கில் சுரங்கங்களை மூடிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரியில் அந்தப் படிப்புக்கு மட்டும் கட்டணமில்லாமல் கூப்பிடுகிறார்கள் என்றால், ஏன் என்று யோசிக்க வேண்டாமா? இலிங்காவுக்குப் போன் செய்து என் வேலையைச் சொன்னேன். "சும்மா கதை விடாதண்ணா. நீ மட்டும்தான் இன்ஜினியரா இருக்கணுமா?" என்கிறாள். நீங்கள் அவளிடம் இத்தனை நாள் சொன்னது அப்படி.

படிப்பு மோசமில்லை. கத்தியோடு நிற்கும்போதும் பாறைகளைப் பற்றித்தான் நினைக்கிறேன். அவளுக்கும் பிடித்துவிடும். அதுதான் பயம்.

வசீலே மாமாவைப் பார்க்க மாமி இங்கே வரும்போது கம்பளிக் காலுறையும் கொஞ்சம் பிளம் ஜாமும் கொடுத்தனுப்புங்கள். இங்கே ஜாம் இனிப்பாக மட்டும் இருக்கிறது.

ஷிஃப்டுக்குக் கூப்பிடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் அவள் துறையைச் சொல்லியாக வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டாள். கெஞ்சிக் கேட்கிறேன், அவளை உட்காரவைத்து, உங்கள் மகன் கோழி வெட்டுகிறான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

துதோர்