கோலிக்கு வாட்டம் பத்தவில்லை

அக்டோபர் 9, வியாழன்
காலையில் தூறல். சாலையில் காயப் போட்ட நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கு அரை நாள் விடுப்பு. வீட்டில் மர வேலை.

மகள் நித்யா போன் செய்தாள். விசா வந்துவிட்டதாம். அடுத்த வாரம் அவள், மாப்பிள்ளை, பேரன் மூவரும் மெல்போர்ன். அதுவரை திருவையாற்றில், மாமனார் வீட்டில். இங்கே ஞாயிறு மட்டும். பெற்றவனுக்கு ஒரு மதியச் சாப்பாடு, சம்பந்திக்கு ஒரு வாரம்.

பேரன் இனியனுக்கு நான்கு வயது. அவன் காதுகுத்துக்கு என்னை வாட்ஸ்அப்பில் அழைத்தார்கள். போகவில்லை. இன்று அழைத்தாலும் போக மாட்டேன். போனில் என் முகம் தெரிந்தால் ஓடிவிடுகிறான். இன்றும் அப்படியே.

"தாத்தாவுக்கு ஹாய் சொல்லுடா."
"அது தாத்தா இல்ல. தாத்தா இங்க இருக்காங்க."

பின்னால் சம்பந்தி சிரித்தார். நன்றாகக் கேட்டது.

ஞாயிறன்று ஒரு தடவையாவது அவன் என்னிடம் வர வேண்டும். தானாக. அதற்குத்தான் இந்தக் கோலி ஓட்டம். ஒரு சட்டம், குறுக்கே நான்கு பலகை, ஒவ்வொன்றிலும் பள்ளம். மேலே விட்ட கோலி இப்படியும் அப்படியுமாக இறங்கிக் கீழே கிண்ணத்தில் விழ வேண்டும். சம்பந்தி பேட்டரி கார் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வாங்கத் தெரியும் அவருக்கு.

உப்புத்தாள், மரப்பசை, கோலி வாங்கியாயிற்று. பலகை, பழைய கட்டிலிலிருந்து.

அக். 10, வெள்ளி
புழுக்கம். உளி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. மனைவி சரோ மஞ்சள் வைத்தாள், திட்டிக்கொண்டே.

நான்கு பலகையும் முடிந்தது. ரசமட்டத்தில் குமிழி லேசாக ஒதுங்கும் அளவுக்குச் சரிவாக வாட்டம் கொடுத்தேன். பசை, ஆணி. வயல் வாய்க்காலுக்கு இதைவிடக் குறைவுதான். தண்ணீர் கடைசி வரப்பு வரை போகிறதே.

கோலியை விட்டேன். முதல் பலகையில் பாதி வழி. நின்றுவிட்டது.

சரோ கரண்டியோடு வந்து பார்த்தாள். "வாட்டம் பத்தலைங்க. கோலி என்ன தண்ணியா?"
"பிசிக்ஸ் வாத்தியார் நானா நீயா? போய் சாம்பாரைப் பாரு."
"சாம்பார் நல்லாத்தான் ஓடுது. உங்க கோலிதான் ஓடல."

அக். 11, சனி
அவள் சொன்னது சரி. அவளிடம் சொல்லவில்லை.

சரிவைக் கூட்ட ஆணியைப் பிடுங்கினேன். மூன்றாவது பலகை ஓரத்தில் பிளந்துவிட்டது. மற்றதைத் தொடப் பயம். பள்ளத்தில் தேங்காய் எண்ணெய். பிறகு முகப்பவுடர். இரண்டும் சேர்ந்து சேறு. துடைத்து, மறுபடி உப்புத்தாள். இப்போது இரண்டாவது பலகை வரை வருகிறது, விரலால் தள்ளினால்.

ஆசாரிக்குப் போன். திருவையாற்றில் வேலையாம். யார் வீட்டில் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

மாலையில் முதுகு நிமிர முடியவில்லை. சரோவுக்குத் தெரியாமல் கொல்லையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக். 12, ஞாயிறு
வந்தார்கள். இனியன் அவன் அம்மாவின் காலுக்குப் பின்னால்.

மாப்பிள்ளை: "என்ன மாமா இது, செருப்பு ஸ்டாண்டா?"

நித்யா கிண்ணத்தைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, கோலியாப்பா? இவன் எதையும் வாயில போட்டுப்பான்." எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டாள். கோலி இல்லாத கோலி ஓட்டத்தின் முன்னால் நான்.

சாப்பிட்டு முடித்ததும் இனியன் டம்ளரோடு வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. குடித்தது போக மிச்சத் தண்ணீரை மேல் பலகையில் ஊற்றினான்.

ஓடியது. மெதுவாக, பள்ளத்தை நிறைத்து, முனையில் விழுந்து, திரும்பி, நான்கு பலகையும். பிளந்த இடத்தில் மட்டும் கசிவு. விரலால் அடைத்துக்கொண்டேன்.

"தாத்தா, இன்னொண்ணு!"

யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

என் மடியில் ஏறி நின்று ஊற்றினான். ஒரு குடம் தண்ணீர் தீர்ந்தது. சரோ இன்னொரு குடம் கொண்டுவந்து வைத்தாள்.

திருவையாற்றிலிருந்து போன். ஸ்பீக்கரில் சம்பந்தி: "நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வீடு வந்து சேருங்க." மாப்பிள்ளை எழுந்துவிட்டார். காபிக்குக்கூட நிற்கவில்லை. இனியன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அங்க உன் கார் இருக்குல்லடா" என்றார் மாப்பிள்ளை. அழுகை நின்றது. சட்டையை விட்டுவிட்டான்.

வாசலில் நித்யா, "ஏம்ப்பா வாட்டமா இருக்கீங்க?"
"இல்லம்மா. வாட்டம் பத்தல."

அவளுக்குப் புரியவில்லை. சரோ சிரிக்கவில்லை.

அக். 13, திங்கள்
மழை. பள்ளி விடுமுறை. பலகை உப்பிவிட்டது. ஒட்டு விட்டு மூன்றாவது தொங்குகிறது.

நித்யா வீடியோவில் வந்தாள், எதையோ மறந்து வைத்துவிட்டாளாம். பின்னால் இனியன் காரில் சுற்றிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. போனைப் பலகைப் பக்கம் திருப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவதில் எல்லாம் தரையில் கொட்டியது.

கார் சத்தம் நின்றது. பார்க்கிறானா என்று போனைத் திருப்புவதற்குள் லைன் போய்விட்டது.

பசை வாங்க வேண்டும். இந்த மழையில் கடை திறந்திருக்குமா?