ஏகாம்பரம் அண்ணன் காரின் ட்வீட்டர்

சனி, ஜூன் 12

காலையிலேயே வெயில். ஒரகடம் கூட்டு ரோடு முழுக்கப் புழுதி. வடக்குப்பட்டு ஏகாம்பரம் அண்ணன் கார் வந்தது. பழைய வண்டி, புது ஆசை. முன் கதவுகளில் ஸ்பீக்கர், கண்ணாடி ஓரத்தில் கீச்சுச் சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் பெரிய பேஸ் பெட்டியும். எங்கள் கடையில் வயர் வேலை என் வீட்டுக்காரர் இவர், ட்யூனிங் நான். கல்யாணத்துக்கு முன் ஸ்டீரியோ கம்பெனியில் டெஸ்டிங் லைனில் பழகின காது. இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

செட்டின் வால்யூம் முக்கால். பேஸ், ட்ரெபிள் நடுவில். ஆம்ப்ளிஃபயரில் கெயின் திருகை மெல்ல ஏற்றி, பாடுகிறவர் குரல் கரகரக்கிற இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் இறக்கினேன். கெயின் என்பது வால்யூம் இல்லை என்று எத்தனை பேருக்குச் சொல்வது! கதவு ஸ்பீக்கருக்குக் கனத்த சத்தம் போகாமல் வெட்டி, அதை டிக்கிப் பெட்டிக்கு விட்டேன். என்ஜின் போட்டதும் ஒரு 'ஙொய்'. பெயின்ட்டைச் சுரண்டி எர்த் வயரை வெறும் தகரத்தில் முடுக்கச் சொன்னேன். போயே போச்சு.

பாட்டு போட்டேன். வயலின் முன்கண்ணாடி மேலே ஒலித்தது, மிருதங்கம் மடியிலே. எனக்கே புல்லரித்தது. அண்ணன் முகத்தில் ஒன்றுமில்லை.

"இன்னாம்மா, டல்லா கீது? வார்த்தயே புரியல."

ட்ரெபிளை, அந்தக் கீச்சுச் சத்தத்தை, கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன். அரை மனதோடு போனார். ராத்திரிக்குப் புளிக்குழம்பு, அப்பளம்.

செவ்வாய், ஜூன் 15

மதியம் திடீர் மழை. கடை ஒழுகியது, அட்டைப்பெட்டி எல்லாம் ஈரம். ஏகாம்பரம் அண்ணன் ஃபேக்டரியில் ஏ ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். ஒரு பக்கத்து ட்வீட்டர் செத்துவிட்டது. டிக்கியைத் திறந்தால், கெயின் கடைசி வரை திருகியிருக்கிறது. அவர் கை வைத்ததுதான்; கரகரப்பு ஏறி ட்வீட்டர் கருகியிருக்கிறது.

"ஓட்ட ஸ்பீக்கர மாட்டி உட்டுட்டு என்னிய சொல்றியா? எங்க லைன்ல எல்லாராண்டயும் சொல்ட்டேன், அந்தக் கடைக்குப் போவாதீங்கன்னு!"

இவர் பதிலுக்கு எகிறப் பார்த்தார். கண்ணைக் காட்டினேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழம வாங்க. புதுசு மாத்தித் தாரேன். அப்பவும் பிடிக்கலன்னா மொத்தத்தையும் கழட்டிருதோம்."

அவர் போனபின் இவர் சொன்னார்: "அவரு கேக்கற மாதிரி சத்தமா வெச்சு குட்துட்டுப் போயேன்." முடியாது. என் ட்யூனிங்கில் தப்பில்லை. அப்புறம் அவருக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை?

வியாழன், ஜூன் 17

கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை. படப்பை ஷேர் ஆட்டோ ஒன்றுக்கு ஸ்பீக்கர். டிரைவர் சிரித்துக்கொண்டே, "இன்னாக்கா, ஏகாம்பரம் வண்டிய கெட்த்துட்டீங்களாமே?" கோபத்தில் கூடுதல் சுத்தமாக வேலை செய்தேன்.

ஞாயிறு, ஜூன் 20

அண்ணன் மனைவி தேவகியோடு வந்தார். புது ட்வீட்டர் மாட்டியாயிற்று. கெயினைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். சோதிக்க, கதவு ஸ்பீக்கரையும் பேஸ் பெட்டியையும் கழற்றிவிட்டு ட்வீட்டரை மட்டும் ஓடவிட்டேன். சலங்கைச் சத்தம் ஊசியாக வந்தது. பின் சீட்டில் தேவகி முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. "ஐயோ, கொறைங்கக்கா!"

முன் சீட்டில் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னும் போடலியாம்மா?"

நானும் தேவகியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கண்ணாடியில் அதைக் கவனித்துவிட்டார். "இன்னாத்துக்குடி காத மூடிக்கினு கீற?"

பாட்டை நிறுத்தினேன்.

"அண்ணே, ஸ்பீக்கர்ல கோளாறு இல்ல. காது டாக்டரப் பாருங்க. நீங்க எந்த செக்ஷன்?"

"பிரஸ் ஷாப். ஏன்?"

நாளெல்லாம் தகடு அடிக்கிற இடம். இயர் ப்ளக் கொடுக்கிறார்களாம். "போட்டா சூப்பர்வைசர் கூப்புட்றது கேக்காது. பாக்கெட்லயே கெடக்கு."

தேவகி மெதுவாக, "வூட்ல டிவி சத்தம் தெருவுக்கே கேக்கும். பொண்ணு கூப்ட்டா திரும்பறதே இல்ல. வேணும்னு பண்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றது.

"பாட்டு கேக்க செட்டு போட வந்தா என்னிய செவுடுன்றியா?" கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டார். முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனது வண்டி.

சொன்னது சரி. சொன்ன விதமும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

புதன், ஜூன் 30

மேகமூட்டம், மழை இல்லை. தேவகி தனியாக வந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். காஞ்சிபுரத்தில் டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடி ரூமில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்களாம்.

"நான் வெளிய நின்னு பாத்துக்கினே இருந்தேங்கா. பாதி நேரம் கையே அசையல."

போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த இரைச்சலை விட வேண்டும். அண்ணன் தானே போய், இரைச்சல் இல்லாத ஸ்டோர்ஸுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்களாம். அதுவரை இயர் ப்ளக்.

"பொண்ண பக்கத்துல உக்கார வெச்சி, நீ கூப்ட்டது அப்பாவுக்கு நெஜமாவே கேக்கலடான்னாரு. அது அழுதுச்சி. இவரும் அழுதாரு."

தேவகி போனபின் துடைத்த ஆம்ப்ளிஃபயரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு, ஜூலை 4

நல்ல காற்று. அண்ணன் வந்தார். கடைக்குள் வராமல் கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றிவந்தார். "எனக்குத் தோதா வெச்சு குடும்மா."

ட்ரெபிளை ஏற்றினால் பின்னால் உட்காரும் அவர் மகளின் காது போகும், ட்வீட்டரும் கருகும். அதனால் வேறு வழி. பேஸைக் குறைத்தேன்; அந்த அதிர்வுதான் குரலை அமுக்குகிறது. குரல் இருக்கிற நடு சத்தத்தை மட்டும் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.

"இப்போ வார்த்த புரியுது. இதுல வயலின் கீதா?"

"இருக்குண்ணே."

"நீ சொன்னா சரி."

அதற்குள் பைக்கில் மூன்று பேர் வந்து நின்றார்கள். அவர் லைன் ஆட்கள். யாரிடமும் கார் இல்லை. "இவனுங்களயும் உக்கார வெச்சி அந்த சலங்கைய போடும்மா."

"நான் டாக்டர் இல்லண்ணே. கேக்கா கேக்கலையான்னு மட்டுந்தான் தெரியும்."

"அத்த சொல்லு, போதும்."

முதல் இருவருக்கும் சின்ன சத்தத்திலேயே கேட்டது. மூன்றாவது, பரமக்குடிப் பக்கத்துப் பையன், கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறவன். உட்கார்ந்ததும் என் முகத்தையே பார்த்தான். தலையாட்டினான். "கேக்குதுக்கா, நல்லா கேக்குது."

நான் இன்னும் போடவே இல்லை.

வேலை போய்விடும் என்ற பயமாக இருக்கும். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். பக்கத்து சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, காது டாக்டரைப் பற்றி அவனிடம் பேச ஆரம்பித்தேன்.