ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும் இயோர்தானிஸ்

வோலோஸ், மே 12

அன்புள்ள ஸ்டாமாட்டிஸ் அண்ணா,

போன வாரம் மாணவர் தேர்தலில் என் மகள் தெக்லா பச்சைக் கட்சி சார்பில் வாக்குப் பெட்டியருகே உட்கார்ந்தாள். சாப்பிட்டுத் திரும்பியபோது பட்டியலில் அவள் மாமா பெயருக்கு எதிரே கையெழுத்து! "அம்மா, செத்துப்போன மாமா ஓட்டுப் போட்டுட்டுப் போயிருக்காரும்மா" என்று போனில் அழுகிறாள். இயோர்தானிஸ் இறந்து இருபத்துமூன்று வருஷம். படிப்பை முடிக்காதவன் பெயரைப் பல்கலைக்கழகப் பட்டியலிலிருந்து யாரும் அடிப்பதில்லை, சரி. கையெழுத்து எப்படி? நீங்கள் அவன் அறைத்தோழர். வளாகத்துக்கு எதிரிலேயே உங்கள் கடை. விசாரித்துச் சொல்லுங்கள்.

ஆர்கிரோ

மே 20

தங்கச்சி ஆர்கிரோவுக்கு,

தொப்பை முன்னே, நான் பின்னே, மற்றபடி சௌக்கியம். எல்லாக் கட்சித் துண்டறிக்கையும் என் நகல் கடையில்தான் பிறக்கிறது. நேற்று ஒரு நீலக் கட்சிப் பெண், "தாத்தா, உங்க காலத்துலயும் இப்படித்தான் அடிச்சுக்குவீங்களா?" என்றாள். தாத்தாவாம்! செத்தவர்கள் ஓட்டுப் போடுவது நம் நாட்டில் புதிதா? விட்டுத்தள்ளு.

ஸ்டாமாட்டிஸ்

வோலோஸ், மே 27

அண்ணா,

விளையாடாதீர்கள். தெக்லா பழைய பட்டியல்களைப் புரட்டிவிட்டாள். ஒரு தேர்தல்கூட விடாமல் வந்திருக்கிறான். அடுத்த வருஷம் பெட்டியருகே நானே உட்காருவேன். அந்த முகத்தைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

ஆர்கிரோ

ஜூன் 9

ஆர்கிரோ,

வர வேண்டாம். அது உனக்குத் தெரிந்த முகம்தான்.

அவன் இறந்த அன்று மாணவர் தேர்தல். காலையில் அவன் மாணவர் அட்டையை நான்தான் ஒளித்துவைத்தேன். பச்சைக்கு ஓர் ஓட்டுக் குறையட்டுமே என்ற குறும்பு. "டேய் நீலப் பயலே, நீதானே எடுத்தே?" என்று சட்டையைப் பிடித்தான். "ஊர்ல விட்டுட்டு வந்திருப்பே, போய்ப் பாருடா" என்றேன். மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். திரும்பும் வழியில் லாரி. நாங்கள் நாற்பது ஓட்டில் ஜெயித்தோம், ஒளித்திருக்கவே தேவையில்லை.

அதிலிருந்து வருஷாவருஷம் அந்த அட்டையோடு போய்ப் பச்சைக்குப் போடுகிறேன். படத்தில் காடாய் முடி, எனக்கோ வழுக்கை. இந்த முறை தெக்லா எழுந்து போகும்வரை காத்திருந்தேன். அடுத்திருந்த பெண், "இன்னுமா பாஸ் பண்ணல, மாமா?" என்றாள். சிரித்தேன். ஆனால் திரைக்குப் பின்னால் போனதும் என் பிடரியில் அவன் மூச்சுப் படும். சரியாகப் போடுகிறேனா என்று எட்டிப் பார்ப்பான்.

ஸ்டாமாட்டிஸ்

வோலோஸ், ஜூன் 15

திரு. ஸ்டாமாட்டிஸ் அவர்களுக்கு,

அவன் பெயரை அடிக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன்.

அன்று அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இருவரும் அலமாரியையெல்லாம் கொட்டித் தேடினோம். முந்தைய வாரம் அவன் வந்துபோனதும் இங்கே அவன் அறையைக் கூட்டியவள் நான். "உன் கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?" என்று கத்திவிட்டுப் போனான். என்னிடம் அவன் கடைசியாகப் பேசியது அதுதான். அப்போது எனக்குப் பதினான்கு வயது. குப்பையோடு குப்பையாக நான்தான் அதை எறிந்தேன் என்று இன்றுவரை நம்பியிருந்தேன்.

அட்டையைத் தபாலில் அனுப்புங்கள். கொண்டுவர வேண்டாம்.

ஆர்கிரோ