நகல் எடுக்கக் கூடாதாம்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. ஜன்னலைத் திறந்தால் மேஜையில் ஒரு தாள் நிற்பதில்லை. நான் பில் போடுகிற தில்லை நகர் கிளினிக்கில் பல் பிடுங்கிக்கொண்டவர் பில்லைப் பார்த்துவிட்டு என்னிடம் கத்தினார். நானா பிடுங்கினேன்?

வாங்க: பசை, கட்டர் பிளேடு, உ.பருப்பு, இவருக்கு இருமல் மருந்து.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் கல்பனாவின் ஸ்டேஷனரிக் கடை. பசைக்காகப் போனேன். கண்ணாடி அலமாரியில் என் கிணறு!

திருவெள்ளறை ஸ்வஸ்திகக் கிணறு. நாலு பக்கமும் மடங்கி இறங்கும் படிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் டேப் வைத்து அளந்து, வெட்டி மடித்து ஒட்டினால் நிற்கிற மாதிரி ஒரே தாளில் வரைந்தது. அந்தப் பக்கத்து அரசுப் பள்ளி ஷாகிதா டீச்சர் தன் பிள்ளைகளுக்காகக் கேட்டார், அதற்காகவே வரைந்தேன். அப்புறம் எங்கள் பேப்பர் கிராஃப்ட் குரூப்பிலும் இலவசமாகப் போட்டேன். அடியில் என் பெயர். அதன் கீழே, ‘பிள்ளைகள் யாரும் நகல் எடுக்கலாம். விற்கக் கூடாது.’ முதல் ஆளாக ‘சூப்பர் அக்கா’ போட்டவள் இதே கல்பனா.

இப்போது பெட்டி மேல் ‘கல்பனா கிரியேஷன்ஸ்’. விலை முந்நூற்றைம்பது. என் பெயர் இல்லை, என் வரி இல்லை. அந்த இடத்தில், ‘காப்புரிமை பெற்றது. நகல் எடுப்பது சட்டப்படி குற்றம்.’

த்தூ. பசைகூட வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூக்கமில்லை. வேலை முடிந்து நேரே அவள் கடை.

“அக்கா! வாங்க, உக்காருங்க. காபி சொல்லட்டுமா?”

“கல்பனா, இது என் படம்.”

“நீங்கதானக்கா ஃப்ரீயா போட்டீங்க? நான் கலர் குடுத்து, நல்ல அட்டையில போட்டு, பெட்டி அடிச்சிருக்கேன். என் உழைப்பு இல்லையா?”

“விக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேனே.”

“பொடி எழுத்துக்கா அது. ஓரம் கட் பண்றப்ப போயிருக்கும்.”

ஓரமாம். என் பெயர் இவளுக்கு ஓரம்.

நடுவில் ஒரு அம்மா வந்தார், கையில் ஸ்கூல் டைரி. “தண்ணி சேமிப்பு ப்ராஜெக்டுக்கு ஏதாவது ரெடிமேடா இருக்கா?” என் கண் முன்னாலேயே என் கிணற்றை எடுத்து நீட்டினாள். “ஒட்டியே தரேங்க, நூறு ரூபா எக்ஸ்ட்ரா.” வெட்கம் வேண்டாம்? கிளம்பும்போது எனக்கும் ஒரு பெட்டி. “காசெல்லாம் வேண்டாங்கா, வச்சுக்குங்க.” ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! வாங்கவில்லை.

இவரிடம் சொன்னேன். “ஓசியில குடுத்தா இப்படித்தான். கேஸ் போடு” என்றார். அடுத்த மூச்சில், “ரசத்துல உப்பு கம்மி.” உப்பு ஜாஸ்திதான் போட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கரண்ட் இல்லை, புழுக்கம்.

காலையில் குரூப்பில் நடந்ததை எழுதினேன், என் படத்தையும் அவள் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. பதில்கள்: “பாசிட்டிவா இருங்க சிஸ்டர்.” “திறமையை யாரும் திருட முடியாது.” ரோஜாப்பூவோடு குட் மார்னிங் ஒன்று. மத்தியானம் பார்த்தால் நானே குரூப்பில் இல்லை. கல்பனாதானே அட்மின். எனக்கு அருவருப்பு அவள் மேல் மட்டும் இல்லை. கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போன அத்தனை பேர் மேலும்தான்.

சாயங்காலம் ஷாகிதா டீச்சர் போன். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“தப்பா நினைக்காதீங்க. யாரோ ஒரு பேரண்ட் அந்தப் பெட்டியை எங்க எச்.எம். சார்கிட்ட காட்டிட்டாங்க. ஜெராக்ஸ் எடுத்த தாளெல்லாம் பிள்ளைங்ககிட்டேருந்து வாங்கிக் கிழிச்சுப் போடச் சொல்லிட்டாரு.”

“டீச்சர், வரைஞ்சது நான். உங்க பிள்ளைங்களுக்காகத்தானே வரைஞ்சேன்!”

“எனக்குத் தெரியாதாங்க? அவரு நம்பணுமே. பெட்டியில அச்சடிச்சிருக்கே. பாதி ஒட்டியிருந்துச்சுங்க, அழுதுட்டாங்க. மனசு கேக்கல, நானே அந்தக் கடையில ஒண்ணு வாங்கிட்டேன், கிளாசுக்குப் பொதுவா.”

என் படத்தைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி, டீச்சர் சம்பளத்திலேயே அவள் கல்லாவை நிரப்பியாயிற்று.

ஆகஸ்ட் 11, திங்கள்

லீவு சொல்லிவிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவெள்ளறை பஸ். ஜன்னலோர சீட். காற்றில் கண்ணெல்லாம் மண்.

எச்.எம். சார் ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தார். நல்லதாயிற்று. வகுப்பில் பீரோ மேல் கிணறு, பக்கத்தில் ‘தொடாதே’ என்று ஒரு அட்டை. பிள்ளைகள் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். உள்ளே இறங்கும் படிகள் ஒருவருக்கும் தெரியாது. கிணற்றை எவராவது அண்ணாந்து பார்ப்பார்களா?

எடுத்தேன். ஒட்டிய இடத்தில் பிளேடை விட்டுக் கீறினேன். “அய்யோ, முந்நூத்தம்பது ரூபாங்க!” என்றார் டீச்சர். தட்டையாக விரித்து மேஜையில் போட்டேன்.

“இதைப் பாத்து வரைங்க.”

ஒரு பென்சில் அசையவில்லை.

“போலீஸ் வரும்னு சார் சொன்னாரு” என்றாள் முதல் பெஞ்சுப் பெண். ரெட்டைப் பின்னல், பல்லில் சொத்தை.

“வராது. இதை வரைஞ்சதே நான்தான்.”

அவள் மேஜையோரம் கிடந்த கல்பனாவின் பெட்டியை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். “கல்பனா அக்காங்களா நீங்க?”

இல்லை என்றேன். நம்பவில்லை. டீச்சர் குறுக்கே பேச வந்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சாக்பீஸை எடுத்து, மேஜைப் பக்கம் திரும்பாமல், கரும்பலகையில் வரைந்தேன். முதல் படிக்கட்டு, மடிப்பு, இரண்டாவது, ஒட்டுகிற ஓரம். மூன்றாவது படிக்கட்டில் பின்னால் பென்சில் சத்தம் கேட்டது. நாலாவதையும் முடித்துத் திரும்பினேன்.

ரெட்டைப் பின்னல் மேஜைத் தாளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, பாக்காமலே எவ்ளோ கரெக்டா காப்பி அடிக்கிறீங்க!”