ஒற்றைப் பொத்தான் கமரா

பேர்ன், 10.02.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

கேதீஸ்வரி எழுதுவது. நானும் இவரும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால்தானே தெரியும்? தைப்பொங்கலுக்கு முதல் எழுதியவர், இன்னும் ஒரு வரி இல்லை.

இங்கே பக்கத்துத் தெருவில் இருக்கிற அழகரத்தினம் அண்ணன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அவர் கையில் ஒரு டிஜிட்டல் கமரா கொடுத்துவிடுகிறேன். எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? கடைக்காரர் புதுசு புதுசாக எடுத்துக் காட்டினார். எனக்கு வேண்டியது புதுசு இல்லை, என் அப்பாவுக்கு விளங்குகிற ஒன்று. கண்ணாடி போடாமலே தெரிகிற பெரிய திரை. பெட்டிக்கடையில் விற்கிற பற்றரி இரண்டு போட்டால் போதும், கறண்ட் போனாலும் கவலையில்லை. கீழே போட்டாலும் உடையாத தடித்த உடம்பு. பின்னால் உள்ள பொத்தான்களைப் பிளாஸ்டர் ஒட்டி மூடிவிட்டேன். மேலே ஒன்றுக்குச் சிவப்பு நகப்பூச்சுப் பூசியிருக்கிறேன். அதை மட்டும் அமத்துங்கள். 'சடக்' என்று சத்தம் கேட்டால் படம் விழுந்தது.

சுனாமியில் அம்மாவோடு சேர்த்து அம்மாவின் படங்களையும் கடல் கொண்டுபோனது. விசா இல்லாமல் இங்கே அகதி முகாமில் கிடந்த எனக்கு அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. அம்மாவின் வீட்டையாவது பார்க்க வேண்டும். அம்மா சமைத்த குசினி, கிணற்றடி, முற்றம், நீங்கள் படுக்கிற இடம். பிடித்து அனுப்புங்கள் அப்பா.

உங்கள் பாசமுள்ள மகள்,
கேதீஸ்

—

கல்லடி, 24.03.2009

அன்பு மகள் கேதீசுக்கு,

அப்பா நல்லரத்தினம் சுகம். கமரா கிடைத்தது.

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கட் கிழித்தவன் நான். டிக்கட் எடுக்காதவனை அவன் ஜன்னலைப் பார்க்கிற விதத்திலேயே பிடித்துவிடுவேன். காசும் உடுப்பும் அனுப்பிப் பழகிய மகள் திடீரென்று கமரா அனுப்புகிறாள். குசினியைக் காட்டு, படுக்கிற இடத்தைக் காட்டு என்கிறாள். ஆர் உனக்கு என்ன சொன்னது? என்னை வேவு பார்க்கவா இந்தப் பெட்டி?

அதுவும் எந்த நேரத்தில்! வழியில் சென்றியில் ஆமிக்காரன் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினான். பையில் கமராவைக் கண்டதும் 'எதைப் படம் பிடிக்கப் போறாய்?' என்று கேள்விமேல் கேள்வி. 'என்ட மகள் வீட்டைப் பார்க்க ஆசைப்படுறாள்' என்று சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆறு படம் வைத்திருக்கிறேன். ஸ்டூடியோ ஆதம்பாவா கழுவித் தந்தார்.

அன்புடன்,
அப்பா

—

பேர்ன், 16.04.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

படங்கள் வந்தன. முதலில் அழுதேன். பிறகு இன்னொரு முறை பார்த்தேன். பார்க்காமல் விட்டிருக்கலாம்.

அடுப்பில் சாம்பல் இல்லை. கிணற்றடி காய்ந்து கிடக்கிறது, ஒரு நனைந்த தடமும் இல்லை. முற்றம் முழுக்க மாஞ்சருகு. கொடியில் உங்கள் சாரம் ஒன்றுகூட இல்லை. நித்தம் இரண்டு தரம் குளிக்கிற மனிசன் நீங்கள்.

இன்னொன்று. வீட்டைப் படம் பிடிக்க ஏன் பஸ் ஏறினீர்கள்? ஸ்டூடியோவுக்குத்தான் என்று சொல்லாதீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுனுக்குப் போக நீங்கள் என்றைக்கும் சைக்கிள்தான்.

அப்பா, வீட்டை விற்றுவிட்டீர்களா? கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

கேதீஸ்

—

கல்லடி, 09.05.2009

மகளுக்கு,

விற்றுவிட்டேனாம்! நல்ல கேள்வி கேட்டாய். உன் அம்மாவுக்கு அவள் தாய் கொடுத்த வீடு. அவளுக்குப் பிறகு அது உனக்கு. நான் அதற்குள் மாப்பிள்ளையாக வந்தவன், அவ்வளவுதான். பெண்பிள்ளையின் வீட்டை விற்றுத் தின்கிறவனுக்கு மட்டக்களப்பில் ஆர் ஒரு செம்பு தண்ணி கொடுப்பார்கள்?

கடையில் சாப்பிடுகிறேன், அதனால் சாம்பல் இல்லை. சைக்கிள் செயின் அறுந்தது, அதனால் பஸ். போதுமா? இன்னும் விசாரணை இருந்தால் சொல்லு, சென்றிக்காரனோடு சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அப்பா

—

பேர்ன், 31.05.2009

அப்பாவுக்கு,

சண்டை முடிந்துவிட்டது என்று இங்கே தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டுகிறார்கள். எங்கள் சனத்துக்கு அழுதும் முடியவில்லை. இனி ஊருக்கு வரலாம் என்று இவர் சொன்னபோது, முதலில் எனக்கு உங்கள் முகம்தான் வந்தது.

ஆனால் அழகரத்தினம் அண்ணன் திரும்பி வந்து ஒரு கதை சொன்னார். சித்தாண்டி பஸ் நிற்கிற இடத்தில் உங்களை ஒரு மனுசியோடு கண்டாராம். உங்கள் பையை அவ வைத்திருந்தாவாம். ஆர் அவ? அம்மாவின் குசினிக்குள் அவ புழங்குகிறாவா? சாம்பலை அள்ளிக் கொட்டி, கொடியில் கிடந்த உடுப்பை உருவிவிட்டா எனக்குப் படம் பிடித்தீர்கள்?

கமராவுக்குள் சின்ன நீலக் கார்ட் ஒன்று இருக்கும். அதை அப்படியே அனுப்புங்கள். ஆவணியில் வர இருந்தேன். உண்மை தெரியாமல் வரமாட்டேன். பிறகு எப்போதும் வரமாட்டேன்.

கேதீஸ்வரி

—

கல்லடி, 22.06.2009

அன்பு மகளுக்கு,

அழகரத்தினத்துக்குக் கண்ணில் பூ. சித்தாண்டி முருகன் கோயிலுக்குப் போனேன். பஸ்ஸுக்கு எத்தனையோ பெண்டுகள் நிற்பார்கள், எல்லாருக்கும் நானா பொறுப்பு?

கார்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆதம்பாவா கழுவித் தந்த படங்கள்தான் அதில் இருக்கும். கழுவாதது பழுது, அது கார்ட்டில் நிற்காது. பிலிம் காலத்திலிருந்து எனக்குத் தெரியும். ஒருநாள் எத்தனை தரம் அமத்தியும் உன் கமரா 'சடக்' என்று சொல்லவேயில்லை. அன்றைய பயணம் வீண்.

வரமாட்டேன் என்று மட்டும் எழுதாதே மனே, என்ட பிள்ளை. மற்றது எதையும் தாங்குவேன்.

அப்பா

—

பேர்ன், 19.07.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

பிழை என்னுடையது. எல்லாப் பொத்தானையும் மூடினேன், மேலே உள்ள சக்கரத்தை மறந்துவிட்டேன். அது பைக்குள் உரசித் திரும்பியிருக்கிறது. அன்றைக்கு உங்கள் கமரா வீடியோ எடுத்திருக்கிறது. கழுத்தில் தொங்கவிட்டு நடந்திருக்கிறீர்கள். முதலில் உங்கள் செருப்பும் மாஞ்சருகும்தான் தெரிகிறது. ஆனால் குரல் துலக்கமாகக் கேட்கிறது. கேட்டதை எழுதுகிறேன், இல்லை என்று சொல்ல முடியுமா பாருங்கள்.

"உள்ளுக்க வாகா புஸ்பம். எத்தின நேரம் வெயிலுக்க நிப்பாய்?"

"நான் வரல்ல. அது உங்கட மகள்ட வூடு. அவ வாங்க எண்டு ஒரு சொல்லுச் சொல்லாம நான் படல தாண்டமாட்டன்."

"அவள் சுவிசில இரிக்காள். ஆர் பாக்கிற?"

"ஆரும் பாக்காட்டி? சுனாமி முகாமில நம்மளச் சேத்துவெச்ச நாளில இரிந்து சொல்லுறன், சித்தாண்டியில என்ட வூட்டுல இரிக்கிறன் எண்டு அந்தப் புள்ளைக்கு எழுதுங்க எண்டு. இஞ்ச வந்து வந்து பொய்க்குப் படம் புடிக்கிறீங்க. தாயில்லாத புள்ள, பாவமில்லயா?"

"எழுதினா அவள் வரமாட்டாள் புஸ்பம். எனக்கெண்டு இரிக்கிறது அவள் ஒருத்திதானே."

"அப்ப நான் ஆரு?"

பிறகு வாளிச் சத்தம். தண்ணீரோடு வாசல் படலைக்கு நடக்கிறீர்கள். வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டு செம்பை வாங்குகிறது. அவவில் நான் கண்டது அந்தக் கை மட்டும்தான்.

உங்களோடு எனக்குக் கோபம் தீரவில்லை. நாலு வருஷம் பொய் சொன்னீர்கள். இனிக் கடிதத்தின் தலையில் கல்லடி என்று எழுதத் தேவையில்லை. அம்மாவை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. ஆனால் அம்மாவின் குசினியை அவ பிடித்துக்கொண்டா என்று நினைத்து நான் இங்கே சாபமிட்ட நேரமெல்லாம், அவ வெயிலில் வெளியே நின்றிருக்கிறா.

வீட்டுப் பூட்டின் திறப்பை அவ கையில் கொடுங்கள். முற்றத்தைக் கூட்டி, அம்மாவின் அடுப்பில் ஒரு தேத்தண்ணி வைக்கச் சொல்லுங்கள். சக்கரத்தை இடப்பக்கம் கடைசிவரை திருப்பி, 'சடக்' சத்தம் கேட்கும்படி அவவைப் படம் பிடியுங்கள். படலைக்கு உள்ளே நிற்கவேண்டும். உங்கள் வாய்ச்சொல்லை இனி நம்பமாட்டேன். அந்தப் படம் என் கைக்கு வந்த பிறகுதான் டிக்கட் எடுப்பேன்.

கீழே உள்ளதை அவவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

சின்னம்மா, வாங்க.

உங்கள் இருவருக்கும் மகள்,
கேதீஸ்